நாற்பத்தேழாம் நம்பரில் ஒரு சிவப்புக் கோடு

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் சிஸ்டம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. "சிஸ்டத்தைக் கூப்பிடு", "சிஸ்டம் சாப்பிடப் போயிருக்கு", "சிஸ்டம் இன்னும் வரலையா?" என்று அஃறிணையிலேயே அவனைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அவனும் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. குழாய், வால்வு, தண்ணீர் மோட்டார் என்று மொத்த வியாபாரம் செய்கிற நிறுவனம் அது. தலைமை அலுவலகமும் கிளைகளுமாக இருக்கிற அத்தனை கம்ப்யூட்டருக்கும் அவன் ஒருவன்தான் வைத்தியன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவன்தான், மௌஸுக்கு அடியில் தூசி சேர்ந்தாலும் அவன்தான்.

எது கெட்டாலும் அவன் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே வாக்கியம். "என் தப்புதான், பாத்துடுறேன்."

கரண்ட் போய், பாதி அடித்த பில் அழிந்தால் அவன் தப்பு. யாராவது காபியைக் கீபோர்டில் கவிழ்த்தால், கீபோர்டுக்கு உறை போட்டுத் தராத அவன் தப்பு. கேஷியருக்கு வேலை குறைவாக இருக்கிற நாட்களில் ஜன்னல் பக்கம் கையைக் காட்டுவார்.

"சிஸ்டம், வெளியில மழை கொட்டுது. யாரு தப்பு?"

"என் தப்புதான் சார், பாத்துடுறேன்."

மொத்த ஹாலும் சிரிக்கும். அவனும் சிரிப்பான், பல் தெரியாமல்.

வெறும் பணிவு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது அவன் தொழில் நுணுக்கம். கம்ப்யூட்டரைக் கெடுத்துக்கொண்டவரிடம் போய் "என்ன பண்ணீங்க?" என்று கேட்டால், "நான் ஒண்ணுமே பண்ணலையே, சும்மாதான் இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். வெட்கம். எதைத் தொட்டார், எந்த மெயிலைத் திறந்தார் என்பது வெளியே வராது. வராதவரைக்கும் வைத்தியம் நடக்காது. "என் தப்புதான், ஒரு செட்டிங்கை மறந்துட்டேன். நீங்க எதைத் தொட்டீங்கன்னு மட்டும் காட்டுங்க" என்றால் போதும். முகம் தெளிந்து, விரல் நீண்டு, உண்மை தானாக நடந்து வரும்.

இந்த நுணுக்கத்தை அவன் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அவன் அப்பா கோபக்காரர். வீட்டில் கண்ணாடி உடைந்தால், யார் உடைத்தது என்று தெரிகிறவரைக்கும் யாரும் சாப்பிடக்கூடாது. அக்காதான் உடைத்திருப்பாள், சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்குவாள். "நான்தான்ப்பா" என்று இவன் சொல்லிவிட்டால் இரண்டு அடியோடு விஷயம் முடிந்து, தட்டு வந்துவிடும். அடி சின்னது, பசி பெரியது. அந்தக் கணக்கு அவனுக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது.

அந்த அக்காதான் இப்போது கீழ் வீட்டில் இருந்தாள். மாடியில் ஒற்றை அறை, தனிக்கட்டை அவன். அப்பா அம்மா போன பிறகு அவனைக் கூடவே வைத்துக்கொண்டதும், தன் புருஷனை நச்சரித்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். மாமா அங்கே விற்பனை மேலாளர். வாய்ச்சாலக்காரர். பாலைவனத்தில்கூட மோட்டார் விற்றுவிட்டு வருவார் என்று முதலாளியம்மாவே சொல்வார்.

கீழ் வீட்டு வைஃபைதான் மாடிக்கும். அக்காவுக்குப் பாஸ்வேர்டு என்றாலே ஒவ்வாமை. உலகத்தில் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பாஸ்வேர்டு: மகளின் செல்லப்பெயர், பக்கத்தில் பிறந்த வருஷம். அதையும் மறந்துவிட்டு மாடிப்படியில் நின்று கத்துவாள். "டேய், சின்ன எழுத்தாடா பெரிய எழுத்தாடா?" மாமாவுக்கும் எல்லாவற்றுக்கும் அதே பாஸ்வேர்டுதான். மாத்துங்க மாமா என்று இவன் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான்.

நிறுவனத்தில் இவன் செய்த காரியங்களில் இவனுக்கே பிடித்தது ஒன்று உண்டு. முதலாளியம்மாவின் மேஜைக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி, நிறுவனத்தின் சர்வர். எந்தக் கடைக்கு எந்த விலை, யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்கிற விவரம் முழுக்க அதில்தான். அது வெளியே போனால் எதிர்க்கடைக்காரன் மறுநாளே ஒவ்வொரு வாடிக்கையாளரையும் ஒரு ரூபாய் குறைத்துக் கொடுத்து இழுத்துக்கொள்வான். அதனால் பாஸ்வேர்டோடு இன்னொரு பூட்டும் போட்டான். பாஸ்வேர்டு சரியாக விழுந்ததும், உரியவரின் போனுக்கு "நீங்கள்தானா?" என்று ஒரு கேள்வி போகும். "ஆம்" என்று தொட்டால்தான் பெட்டி திறக்கும். உலகத்திலேயே இரண்டு போன்தான் அதற்கு: முதலாளியம்மாவுடையது, மாமாவுடையது. போனைச் சைலண்டில் போட்டிருந்தாலும் அந்த மணி மட்டும் கணீரென்று அடிக்கும்படி வைத்திருந்தான். "மேடம், இந்தப் பெட்டியை நானே திறக்க முடியாது, பாருங்க" என்று அவர் முன்னால் முயன்று, தோற்றுக் காட்டியபோது அவனுக்கு அவ்வளவு பெருமை.

*

அடுத்த தெருவில் ஒரு பெயிண்ட் வியாபாரியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே காலையில் பூட்டிக்கொண்டன. திறக்க வேண்டுமென்றால் பணம் கொடு என்று திரையில் மிரட்டல். அந்த மனிதர் தலையில் கைவைத்துக் கடை வாசலில் உட்கார்ந்திருந்ததை முதலாளியம்மா காரில் போகும்போது பார்த்துவிட்டார். அன்றே சிஸ்டத்துக்கு அழைப்பு வந்தது.

"நமக்கு இப்படி ஆகாம இருக்க என்ன பண்ணணும்?"

"ரெண்டு வேணும் மேடம். நான் போன வருஷமே..."

"ரெண்டெல்லாம் கிடையாது. ரெண்டுல எது நல்லதுன்னு சொல்லு, வாங்கலாம்."

அவன் மென்று விழுங்கினான். ஒன்று ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்வது. வைரஸோ வேறு வில்லங்கமோ ஓடினால் அங்கேயே கழுத்தைப் பிடிக்கும். இன்னொன்று எந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும் நுழையாது. கிளவுடில் எங்கோ உட்கார்ந்துகொண்டு, நெட்வொர்க்கில் எது எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது என்று வேடிக்கை பார்க்கும். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் குரல் கொடுக்கும். ஒன்று ஒவ்வொரு அறைக்கும் தாழ்ப்பாள், இன்னொன்று வாசலில் கண். எது நல்லது என்று கேட்டால் என்ன சொல்ல? வலது காலா இடது காலா என்று கேட்பது போலத்தான்.

"என் தப்புதான் மேடம், சரியா புரியவைக்கலை. ரெண்டையும் கொஞ்ச நாள் இலவசமா ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

இப்படித்தான் இரண்டு விற்பனைக்காரர்கள் அந்த அலுவலகத்துக்குள் வந்தார்கள். உள்ளே உட்காருகிற மென்பொருளை விற்றவர் நிதானமான நடுவயதுப் பெண். "ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பூட்டு சார்" என்று வாய்க்கு வாய் சொன்னதால் கேஷியர் அவருக்குப் பூட்டு மேடம் என்று பெயர் வைத்துவிட்டார். கிளவுடை விற்றவன் இளைஞன். வாக்கியத்தின் முதலிலும் கடைசியிலும் ஒரு சார். அவன் கிளவுட் தம்பி.

சிஸ்டத்தின் மேஜையில் இரண்டு திரைகள் பக்கத்துப் பக்கத்தில் எரிந்தன. பூட்டு மேடத்தின் திரையில் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு ஒரு புள்ளி, நலமாக இருந்தால் பச்சை. கிளவுட் தம்பியின் திரையில் நம்பர்களும் கோடுகளும். யார் கம்ப்யூட்டர் என்று அதற்குத் தெரியாது, நம்பர்தான் தெரியும். எந்த நம்பர் யாருடையது என்பது சிஸ்டத்துக்கு மனப்பாடம், எல்லாம் அவன் கொடுத்த நம்பர்தானே. கேஷியர் பன்னிரண்டு. கிடங்கு முப்பத்தொன்று. மாமா நாற்பத்தேழு.

ஒரு சாயங்காலம் நாற்பத்தேழிலிருந்து ஒரு சிவப்புக் கோடு கிளம்பி வெளியே போயிற்று.

கிளவுட் மென்பொருள் புதுசு, ஊர் பழகவில்லை என்றுதான் முதலில் நினைத்தான். பூட்டு மேடத்தின் திரையில் நாற்பத்தேழு பளிச்சென்று பச்சையாகத்தான் இருந்தது. மறுநாளும் ஆட்கள் கிளம்பிப்போகிற அதே நேரத்துக்குச் சிவப்புக் கோடு. அதற்கு மறுநாளும். மாமா சாப்பிடப் போயிருந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தான். ஒரு பூச்சி இல்லை, புழு இல்லை. பச்சை சொன்னது உண்மைதான். அந்த மெஷினில் கெட்டது எதுவும் ஓடவில்லை.

தன் இடத்துக்குத் திரும்பிவந்து சிவப்புக் கோட்டை விரித்துப் பார்த்தான். கறுப்புப் பெட்டியிலிருந்து நாற்பத்தேழுக்கு. நாற்பத்தேழிலிருந்து வெளியே, யார் வேண்டுமானாலும் கோப்புகளைப் போட்டு எடுத்துக்கொள்கிற ஒரு பொது இடத்துக்கு.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. பச்சையும் பொய் சொல்லவில்லை, சிவப்பும் பொய் சொல்லவில்லை. அந்த மெஷினில் வைரஸ் இல்லை. மனிதர் இருந்தார்.

*

கிடங்கில், ஆள் உயரக் குழாய்க் கட்டுகளுக்கு நடுவில் மாமாவைப் பிடித்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பழக்கமே வாயைத் திறந்தது.

"என் தப்புதான் மாமா. உங்க மெஷின்ல ஒரு செட்டிங் மறந்துட்டேன். தினம் சாயங்காலம் ஏதோ வெளியில போகுது..."

மாமா அவனை உற்றுப் பார்த்தார். பிறகு தோளில் கை போட்டார். உண்மை நடந்து வந்தது.

"மாப்ள, உன்கிட்ட என்ன ஒளிவுமறைவு? இந்தம்மா என்னை ஓரங்கட்டுது. ரெண்டு கிளையை அவங்க தம்பி பையன்கிட்ட குடுத்தாச்சு, தெரியுமா? நாளைக்கு என்னைப் போடான்னா எங்கடா போவேன், இந்த வயசுல? வேற ஒரு இடத்துல பங்காளியா வாங்கன்னு கூப்பிடுறாங்க. வெறுங்கையோட போக முடியுமா?"

"மாமா, அது விலைப் பட்டியல் மாமா..."

"நான் உழைச்சுச் சேர்த்த கடைங்கடா அது! ஒவ்வொரு கடைப் படியும் நான் ஏறினது." குரலைத் தாழ்த்தினார். "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. முடிச்சுடுறேன். நீ அந்தப் பச்சை காட்டுற சாஃப்ட்வேரையே வாங்கச் சொல்லிடு. யாருக்கும் சேதம் இல்லை."

"நிறுத்திடுங்க மாமா. உங்க கால்ல வேணா விழுறேன்."

"கால்ல விழாதடா, அழுக்கு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். எதையும் சிரித்தே விற்றுவிடுகிற மனிதர். அன்று சாயங்காலமும் கோடு போயிற்று.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கோடு. கொஞ்ச நாளாகக் கண்ணைத் திறந்திருந்தாலும் கோடுதான்; அறைச் சுவரில் ஓடுகிற விரிசல்கூட நாற்பத்தேழிலிருந்து கிளம்புவதாகத் தோன்றியது.

அக்கா மாடிக்கு வந்தாள், மடித்த துணிகளோடு. கட்டிலில் வைத்துவிட்டு நின்றாள்.

"அவருக்கு என்னடா ஆச்சு? ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்கிறாரு. கேட்டா, சீக்கிரம் நம்ம நிலைமையே மாறப்போகுதுங்கிறாரு. ஆபீஸ்ல எதாவது பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்லைக்கா."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

அவன் துணிகளைப் பார்த்துச் சொன்னான். "ஒண்ணும் இல்லை. நான்தான் புதுசா ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்கேன். அதனால எல்லாருக்கும் கொஞ்சம் வேலை ஜாஸ்தி. என் தப்புதான்."

அவள் மூச்சு விட்டாள். "அப்பாடா. நீ அங்க இருக்கேங்கிற தைரியத்துலதான்டா நான் இருக்கேன். அவரு அவசரக்குடுக்கை. நீதான் பாத்துக்கணும். அந்த வேலை மட்டும் போச்சுன்னா, பொண்ணு படிப்பு, இந்த வீடு... எதுவும் நிக்காது. அவரும் நிக்க மாட்டாரு. உனக்குத் தெரியும்ல, ஒரு தடவை வேலை போனப்ப சொல்லாமக் கொள்ளாம எங்கேயோ போயிட்டாரு. திரும்பி வந்ததே பெரிய விஷயம்."

தெரியும். அந்த நாட்களில் அவளுக்குச் சோறு ஊட்டியது அவன்தான்.

பெட்டியின் அனுமதியிலிருந்து மாமா போனை எடுத்துவிடலாம். மறுநிமிஷமே முதலாளியம்மா ஏன் என்று கேட்பார். கோட்டை அழித்துவிடலாமா? அதற்காகக் கிளவுட் திரைக்குள் புகுந்து தேடாத மூலை இல்லை. அழிக்கிற பொத்தானே கிடையாது. எல்லாம் கிளவுடில் இருந்தது. கிளவுடுக்கு ஏணி இல்லை.

அன்று கிளவுட் தம்பியே போன் செய்தான். குதூகலம் காதில் வழிந்தது.

"சார், உங்க ஆபீஸ்ல ஒண்ணு வசமா சிக்கியிருக்கு சார்! டெமோவுல இதைத்தான் காட்டப் போறேன் சார்."

"அது பேக்கப் தம்பி. உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன், என் தப்புதான். அதைக் காட்ட வேண்டாம்."

"சார், பேக்கப் இப்படியா சார் போகும்? நீங்க பெரிய ஆளு, உங்களுக்குத் தெரியாததா சார்."

"தம்பி, கெஞ்சிக் கேக்குறேன். வேற எதையாவது காட்டுங்க. உங்களைத்தான் வாங்கச் சொல்றேன், சத்தியமா."

இப்போது தம்பியின் குரலில் குதூகலம் இல்லை: "சார், இந்த மாசம் நான் எதையுமே விக்கலை சார். இதைக் காட்டலைன்னா எனக்கும் வேலை இருக்காது சார்."

தம்பி அந்தப் பக்கம் போனை வைத்தபிறகும் அவன் தன்னுடையதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவனுக்கு அந்தப் பையன்மேல் கோபம்கூட வரவில்லை.

*

முதலாளியம்மாவின் அறை. சுவரில் பெரிய திரை. ஒரு பக்கம் பூட்டு மேடம், இன்னொரு பக்கம் கிளவுட் தம்பி. மேலாளர் என்கிற முறையில் மாமா, பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டு. பணம் கொடுக்கிறவர் என்கிற முறையில் கேஷியர். திரையோடு இணைத்த லேப்டாப்பின் முன்னால் சிஸ்டம்.

பூட்டு மேடம் முதலில் பேசினார். பச்சைப் புள்ளிகள் வரிசை வரிசையாக வந்தன. "உங்க மெஷின் எல்லாமே சுத்தமா இருக்கு மேடம்" என்றார். மாமா பலமாகத் தலையாட்டினார். "இதுவே போதுமே மேடம். எளிமையா இருக்கு, பளிச்சுன்னு இருக்கு."

பிறகு கிளவுட் தம்பி எழுந்தான். சிஸ்டத்தின் முகத்தைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினான். சுவர் முழுக்கச் சிவப்பு.

"உங்க மேஜைக்குக் கீழ இருக்கிற பெட்டியிலேருந்து நாற்பத்தேழுக்கு, நாற்பத்தேழிலேருந்து வெளியில. தினமும் சாயங்காலம் மேடம். உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. போகுதுங்கிறது மட்டும் தெரியும்."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "யாரு அந்த நாற்பத்தேழு?"

சிஸ்டம் மாமாவைப் பார்த்தான். மாமா பேனா மூடியைப் பார்த்தார். கண்ணாடி உடைந்துவிட்டது, யாரும் சாப்பிடக்கூடாது, அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"என் தப்புதான் மேடம்."

முதலில் சிரித்தது மாமாதான். பிறகு கேஷியர் தொடையில் தட்டிக்கொண்டு, "மழையும் இவன்தான் மேடம்" என்றார். விஷயம் தெரியாத பூட்டு மேடம்கூடப் புன்னகைத்தார். முதலாளியம்மாவும் சிரித்துவிட்டு, "சரி, அதை விடு. யாருன்னு சொல்லு" என்றார்.

"நிஜமா மேடம். நாற்பத்தேழு என்னோடது. நான்தான் அனுப்பினேன்."

சிரிப்பு ஒவ்வொருவராக அணைந்தது.

"அந்தப் பெட்டியை நீ திறக்க முடியாதே. நீதானே எனக்குக் காட்டினே?"

இத்தனை வருஷத்தில் அவன் பெருமைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். அது இப்போது அவனை மறித்துக்கொண்டு நின்றது.

மாமா தொண்டையைச் செருமினார். "மேடம், சொல்றதுக்கே கஷ்டமா இருக்கு, என் மச்சினன். ஆனா பூட்டைப் போட்டவனுக்குத் திறக்கத் தெரியாதா?"

சிஸ்டத்துக்கு வலிக்கவில்லை. ஆச்சரியம், நிம்மதியாகக்கூட இருந்தது. மாமா கயிறு ஒன்றை வீசியிருக்கிறார், பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். "ஆமா மேடம், எனக்குத் தெரியும். மாமாவோட பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அதை வெச்சுத்தான்..."

"திற."

"மேடம்?"

"இப்ப திற. என் கண் முன்னாடி."

அவன் கீபோர்டை இழுத்தான். வாழ்நாளில் ஒரு பூட்டை உடைக்க அவன் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. திறந்துவிடு, என்னைத் திருடனாக்கிவிடு என்று உள்ளுக்குள் அந்தக் கறுப்புப் பெட்டியிடம் மன்றாடினான். மாமாவின் கணக்கைப் போட்டான். மருமகளின் செல்லப்பெயர், பிறந்த வருஷம். சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்று அக்கா மாடிப்படியில் கேட்கிற குரல் காதில் வந்தது. சின்ன எழுத்து. என்டரைத் தட்டினான். பாஸ்வேர்டு சரி என்றது திரை. பார்த்தீர்களா என்று வாயைத் திறந்தான்.

மேஜையின் நடுவில் மாமாவின் போன் கணீரென்று அடித்தது.

சைலண்டில் இருந்த போன். இருந்தும் அடித்தது, அவன் வைத்தபடியே, பிசகாமல். போனின் திரையில் எழுத்துகள் மின்னின: நீங்கள்தானா?

அவன் மறந்தேபோயிருந்தான். பெட்டி மறிக்கும் என்பது நினைவிருந்தது; சைலண்டிலும் அடிக்கும்படி தானே பெருமையாக வைத்த அந்த மணியை, ஒரு மனிதனைக் காப்பாற்றுகிற அவசரத்தில் அடியோடு மறந்திருந்தான்.

முதலாளியம்மா அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடித்து ஓய்ந்தது. பிறகு மாமாவிடம் மரியாதையாகவே கேட்டார்.

"தினமும் சாயங்காலம் இது அடிச்சிருக்குமே. நீங்க என்ன தொட்டீங்க?"

மாமா போனைக் கவிழ்த்து வைத்தார். பாலைவனத்தில் மோட்டார் விற்கிறவருக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"மேடம், வேணும்னா அந்த மெஷின்ல யாரு லாகின் பண்ணியிருந்தாங்கன்னு எங்க சாஃப்ட்வேர்ல பேரோட பாக்கலாம்..." என்று பூட்டு மேடம் மெல்ல ஆரம்பித்தார்.

"வேண்டாம்மா" என்றார் முதலாளியம்மா. "இவன் யாருக்காகப் பொய் சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா? வேற யாருக்காகவாவது சொல்லியிருந்தா ஒருவேளை நம்பியிருப்பேன்."

மாமா எழுந்தார். போனை எடுத்துக்கொண்டார். பேனாவை எடுக்கவில்லை, மூடியும் பேனாவும் தனித்தனியாகக் கிடந்தன. கதவு சாத்துகிற சத்தம்கூட வரவில்லை.

முதலாளியம்மா சிஸ்டத்திடம் சொன்னார்: "ரெண்டையும் வாங்கு. நீ சொன்னதுதான் சரி." எழுந்துபோகும்போது ஒரு கணம் நின்றார். "உன்னை என்ன பண்றதுன்னு எனக்கே தெரியலை. உன் வேலையை நீ ஒழுங்காத்தான் பண்ணியிருக்கே. அதான் கஷ்டமா இருக்கு."

கிளவுட் தம்பி ஒயரைச் சுருட்டிக்கொண்டே அவன் பக்கம் வந்து, "சார்..." என்றான். அவன் வாயிலிருந்து வெறும் சாரோடு நின்றுபோன முதல் வாக்கியம் அதுதான்.

*

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். ஒன்றும் நிற்கவில்லை.

அக்கா மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே அலமாரி திறந்து கிடந்தது. மாமாவின் பக்கத்துத் தட்டு காலி. மருமகள் எங்கோ அறைக்குள் இருந்தாள். சத்தமில்லை.

"வந்தாரு, பையை எடுத்தாரு, போயிட்டாரு" என்றாள் அக்கா. அழுது முடித்த குரல். "எங்கன்னு கேட்டேன். உன் தம்பியைக் கேளுன்னாரு."

"அக்கா..."

"நீ காட்டிக் குடுக்கலைன்னு அவரே சொன்னாரு. நான்தான் பண்ணேன்னு நீ சொன்னியாம். அப்புறம் எல்லார் முன்னாடியும் இவரு போன் அடிச்சுதாம். அது ஏன்டா அடிச்சுது?"

"அது... பாஸ்வேர்டு போட்டா உரியவங்க போனுக்கு ஒரு கேள்வி வரும்க்கா. பாதுகாப்புக்கு."

"யாரு அப்படி வெச்சது?"

"நான்தான்."

"சைலண்டுல இருந்தாலும் அடிக்கிற மாதிரி?"

"நான்தான்க்கா."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற அந்தச் சின்னப் பெண் அந்தக் கண்ணில் ஒரு நொடி வந்துவிட்டுப் போனாள்.

"அப்ப உன் தப்புதான்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை வேறொருவர் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை. எல்லாம் அவன் சொல்லியே பழக்கம். வழக்கமாக அடுத்து வருகிற வார்த்தையைத் தேடினான். பாத்துடுறேன். உதடு அசைந்தது, பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

அக்கா எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள், உள்தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அவன் மாடிக்கு வந்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்தான். ராத்திரி வெகுநேரம் ஆன பிறகு, மாமா எங்கே இருக்கிறார் என்றாவது வாட்ஸ்அப்பில் கேட்கலாம் என்று போனை எடுத்தான். கீழ் வீட்டு வைஃபையின் பெயர் வந்தது, அலைகள் நிரம்பி நின்றன. பாஸ்வேர்டு கேட்டது. இத்தனை வருஷத்தில் அது அவனிடம் கேட்டதில்லை. மருமகளின் செல்லப்பெயர், பிறந்த வருஷம், சின்ன எழுத்து. தவறு என்றது. பெரிய எழுத்து. தவறு.

வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவது எப்படி என்று அக்காவுக்குத் தெரியாது. சிம் கார்டு மாற்றக்கூட மாடிப்படியில் நின்று கத்துகிறவள். இன்று கத்தாமல் தானே தேடி, தானே கண்டுபிடித்து, தானே மாற்றியிருக்கிறாள்.

அவன் நினைத்தால் அதைத் திறக்கலாம். கீழ் வீட்டில் அந்த வைஃபை பெட்டியை மாட்டியதே அவன்தான். இங்கே இரண்டாவது பூட்டும் இல்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டு கேட்கிற அந்தக் கட்டத்தையே பார்த்தபடி இருந்தான். கொஞ்ச நேரத்தில் திரை தானாக அணைந்தது. மறுபடி தொட்டான். அது மறுபடி கேட்டது.